வானம் இல்லாத பூப்படங்கள்

அந்த அக்கா எடுத்த பூப்படங்கள் எதிலும் வானம் இருக்காது. வானம் மட்டுமில்லை, மரம் இருக்காது, கரண்டுக் கம்பம் இருக்காது, தூரத்தில் தெரியும் மாடி வீடுகூட இருக்காது. பூவுக்குப் பின்னால் ஒரு கறுப்புக் குடையை விரித்து வைத்துத்தான் படம் எடுப்பார். பார்க்கிறவர்கள் பூ எடுப்பாகத் தெரிவதற்காக அப்படிச் செய்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். எடுப்பாவது ஒன்றாவது! பின்னால் ஒரு செல்போன் டவர் தெரிந்தால் போதுமாம், அதை வைத்தே இடத்தைக் கண்டுபிடித்துவிடுவார்களாம். யார் கண்டுபிடிப்பார்கள் என்று கேட்டால், "திருடுறவன் பேரைச் சொல்லிட்டா வருவான்?" என்பார்.

ஆவடியில் நாங்கள் இருந்த குவார்ட்டர்ஸில் அவருக்கு மாடி வீடு, எங்களுக்குக் கீழ் வீடு. என் கணவர், அவர் கணவர், அக்கா மூன்று பேருக்கும் ஒரே அரசாங்கத் தொழிற்சாலையில்தான் வேலை. அக்கா இருந்தது இன்ஸ்பெக்‌ஷன் பிரிவு. மற்றவர்கள் செய்து அனுப்பும் உதிரிப்பாகங்களை அளந்து பார்த்து, இது தேறும், இது தேறாது என்று சொல்கிற வேலை. நாள் முழுக்கச் சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்கிவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து அதையே சும்மா செய்துகொண்டிருப்பார். பால் பாக்கெட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். கீரைக்காரம்மாவிடம் கட்டைப் பிரித்துக் காட்டச் சொல்வார். எந்த ஊர் என்று யாராவது கேட்டால் "மதுரைக்கு அந்தப் பக்கம்" என்பதோடு சரி. மதுரைக்கு எந்தப் பக்கம் என்று குவார்ட்டர்ஸில் ஒருவருக்கும் கடைசிவரை தெரியாது.

நான் ஒரு ரத்தப் பரிசோதனை லேப்பில் வேலை பார்க்கிறேன். ஸ்கூட்டியில் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்துவர வேண்டும். ஒருமுறை அக்காவுக்கு சுகர் பார்க்க நான்தான் எடுத்தேன். மறுநாளே அம்பத்தூரில் வேறொரு லேப்புக்குப் போய் இன்னொரு தரம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் வந்தது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம், இனிமேலாவது நம்புவார் என்று. இரண்டு பேப்பரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கிட்டீங்களா?" என்றார். இப்படிப்பட்ட மனுஷியிடம் என்னத்தைச் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அக்கா திருவேற்காடு கோயிலுக்குக் கிளம்பிவிடுவார். மழைக்காலம் முழுக்க ஒரு வாரம் தவறாது. அவர் கணவர் பரம சாது. எங்கள் வீட்டம்மாவுக்குப் பக்தி ஜாஸ்தி என்று எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். திரும்பி வரும்போது அக்கா எங்களுக்கெல்லாம் குங்குமம் தருவார். நானும் பயபக்தியோடு வாங்கி இட்டுக்கொள்வேன். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் படியேறும்போது பார்த்தேன், புடவைக் கரையில் முழங்கால் உயரத்துக்குச் சேறு. நாலைந்து நாளாக மழையே இல்லை. கோயில் வாசலில் ஏது சேறு? எனக்கு மனசு கெட்ட வழியில்தான் போயிற்று, ஒளிப்பானேன். இந்த வயசில் இந்த அக்காவுக்கு இதெல்லாம் தேவையா என்று ராத்திரி என் கணவரிடம் கேட்டேவிட்டேன். உன் வேலையைப் பார் என்று அவர் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அதற்கடுத்த வாரம் வெள்ளானூர் பக்கம் ஒரு பெரியவருக்கு ரத்தம் எடுக்கப் போனேன். திரும்பும்போது பார்த்தால் சாலையோரத்தில் ஷேர் ஆட்டோவுக்காக அக்கா நின்றுகொண்டிருக்கிறார். கையில் கோயில் பை. பையிலிருந்து ரப்பர் பூட்ஸ் எட்டிப் பார்க்கிறது. திருவேற்காடு எங்கே, வெள்ளானூர் எங்கே! நான் வண்டியை நிறுத்தினேன். அக்கா திடுக்கிடவெல்லாம் இல்லை. என்னை ஏற இறங்கப் பார்த்தார். தேறுமா தேறாதா என்று பார்க்கிறார் என்பது எனக்கே தெரிந்தது. "நீ என் பின்னாலயே வந்தியா?" என்றார். அம்மன்மேல் ஆணையாக இல்லை என்றேன். ரோட்டை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தார்.

அன்றிலிருந்து நான்தான் அவருக்கு வண்டி. என்மேல் நம்பிக்கை வந்துவிட்டது என்று யாரும் தப்பாக நினைக்க வேண்டாம். பாதி தெரிந்தவளை வெளியே விட்டுவைப்பதைவிடக் கூடவே வைத்துக்கொள்வது நல்லது என்று கணக்குப் போட்டிருக்கிறார். அதோடு ஆட்டோக்காரர்கள் இறக்கிவிட்ட இடத்தை மறக்கமாட்டார்கள் என்று அவருக்கு ஒரே கவலை. வண்டி குவார்ட்டர்ஸ் கேட்டைத் தாண்டியதும் என் போனைக் கேட்டு வாங்குவார். லொக்கேஷனை அணைப்பார். அப்புறம் போனையே அணைப்பார். அப்புறம் அதைத் தன் பைக்குள் போட்டுக்கொள்வார். வீட்டுக்கு வந்து இறங்கியதும் தருவார், கூடவே ஒரு குங்குமப் பொட்டலம். அந்தக் குங்குமத்தை மளிகைக்கடையில் மொத்தமாக வாங்கி வைத்திருந்தார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அத்தனை நாள் கண்ணில் ஒற்றிக்கொண்டு இட்டேனே என்று பற்றிக்கொண்டு வந்தது.

அவர் தேடிப் போனது ஆர்கிட் பூ. ஆர்கிட் என்றால் எனக்குத் தெரிந்தது கல்யாண மேடையில் வைக்கிற ஊதாப் பூதான். அது ஊட்டியில் வளர்வது, வெள்ளானூர் முள்ளுக்காட்டில் ஏது என்று சிரித்தேன். அக்கா தன் போனில் ஒரு படத்தைக் காட்டினார். பச்சைத் தண்டு ஒன்று நேராக நிற்கிறது. அதில் வரிசையாகக் குட்டிக் குட்டி வெள்ளைப் பூ. ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும், ஆனால் விரல்களால் பெரிதாக்கிக் காட்டியபோது போனைப் பிடுங்காத குறையாக வாங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு பூவிலும் மெல்லிய வால், இதழோரத்தில் நூல் பிரித்த மாதிரி வேலைப்பாடு. இது மரத்தில் ஒட்டி வளர்வதில்லை, தரையில் முளைக்கிற ஜாதி. வருஷத்தில் பெரும்பகுதி மண்ணுக்குள் கிழங்காகத் தூங்கும். மழை பெய்து பள்ளத்தில் தண்ணீர் நின்று, அது வடிகிற சமயத்தில் புல்லுக்கு நடுவே தலைகாட்டும். அதிலும் சில வருஷம் வரவே வராது. இவ்வளவும் சொன்ன அக்கா பூவின் பேரை மட்டும் சொல்லவில்லை. பேர் தெரிந்தால் தேடுவார்களாம். இன்றைக்கும் எனக்கு அதன் பேர் தெரியாது.

அவர் இப்படி ஆனதற்கு ஒரு காரணம் இருந்தது, அதைச் சொல்லாவிட்டால் பாவம். முன்பு ஒரு காலத்தில் செடிகொடி ஆர்வலர்களின் வாட்ஸப் குழு ஒன்றில் அவர் இருந்திருக்கிறார். பூந்தமல்லிப் பக்கம் ஓர் ஓடைக்கரையில் பார்த்த ஆர்கிட்டைப் படம் எடுத்து, ஆசையோடு, இடத்தையும் சொல்லிப் போட்டிருக்கிறார். எல்லாரும் கைதட்டியிருக்கிறார்கள். அடுத்த வாரம் போய்ப் பார்த்தால் செடி இருந்த இடத்தில் குழிகள்தான் இருந்தனவாம். கைதட்டியவர்களில் யார் என்று கடைசிவரை தெரியாததால், எல்லாரையும் சந்தேகப்பட்டுக் குழுவைவிட்டு வெளியே வந்துவிட்டார். எனக்கு ஒன்று தோன்றியது, நாக்கைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். பூந்தமல்லிப் பக்கம் பன்றிகள் ஜாஸ்தி, கிழங்கென்றால் அவை கிளறிவிடுமே அக்கா என்று சொல்லிவிட்டேன். இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை.

நாங்கள் போன இடம் வெள்ளானூரைத் தாண்டி, வீடுகள் முடிந்து சீமைக்கருவேலம் தொடங்குகிற ஒரு பெரிய பள்ளம். கோரையும் ஈச்சம்புதருமாகக் கிடக்கும். கால் வைத்தால் சதக்கென்று உள்ளே போகும். ஓரத்தில் ஓர் இடிந்த மோட்டார் ரூம். என் எல்லை அதோடு சரி. அங்கே உட்கார் என்று சொல்லிவிட்டு அக்கா மட்டும் உள்ளே போவார். போன வழியில் திரும்ப வரமாட்டார். நடந்து நடந்து தடம் விழுந்துவிட்டால் அதுவே காட்டிக்கொடுத்துவிடுமாம். நான் கொசுவை அடித்துக்கொண்டு மோட்டார் ரூம் நிழலில் உட்கார்ந்திருப்பேன்.

ஒரு நாள் ரொம்ப நேரமாகியும் ஆளைக் காணவில்லை. எட்டி எட்டிப் பார்த்தேன். கோரைக்கு நடுவில் இரண்டு பூட்ஸ் கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டு தெரிந்தன. பாம்புதான் கடித்துவிட்டது என்று எனக்கு உயிரே போய்விட்டது. ஐயோ அக்கா என்று கத்திக்கொண்டு சேற்றில் விழுந்தடித்து ஓடினேன். பாதி தூரம் போயிருப்பேன். "அங்கயே நில்லு, ஒரு அடி வெச்சே பாரு!" என்று கோரைக்குள்ளிருந்து ஓர் அதட்டல். தொழிற்சாலையில் ஆம்பிளைகளெல்லாம் பயப்படுகிற இன்ஸ்பெக்டரம்மா, குப்புறப் படுத்து, முகவாய் சேற்றில் பதிய, குடையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு படம் எடுத்துக்கொண்டிருந்தார். எழுந்து வந்தபோது முகமெல்லாம் சேறு, பல் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. அந்தச் சிரிப்பை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. அதற்காகவே அந்த மனுஷியை எத்தனை தடவை வேண்டுமானாலும் வண்டியில் ஏற்றிப் போகலாம் என்று அன்றைக்குத் தோன்றியது.

எதையும் அளக்காமல் அவருக்குக் கை நிற்காது. செடியின் உயரம், ஒரு செடிக்கும் இன்னொரு செடிக்கும் நடுவில் எவ்வளவு, தண்ணீர் எதுவரை நிற்கிறது, எல்லாவற்றுக்கும் டேப்பை நீட்டுவார். கழுத்தில் தொழிற்சாலை அடையாள அட்டை வேறு. யாராவது கேள்வி கேட்டால் அதைப் பார்த்து வாயை மூடிக்கொள்ளட்டும் என்று போட்டுக்கொண்டு வருவார். அங்கே ஆடு மேய்க்க வரும் ஓர் அம்மா எங்களை ரொம்ப நாளாகக் கவனித்துக்கொண்டிருந்தாள் போல. ஒரு நாள் நேராக வந்து கேட்டாள்.

"இன்னாம்மா, வாரா வாரம் வந்து கீய பாத்துகினே நடக்கறீங்க, இன்னா தொலஞ்சிபோச்சு?"

பூப் பார்க்கிறோம் என்று சொல்லியிருந்தால் அவள் சிரித்துவிட்டு ஆட்டை ஓட்டிக்கொண்டு போயிருப்பாள். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டார்.

"ஒண்ணும் தொலையல. எடம் பாக்க வந்தோம்."

வெள்ளானூரில் இதைவிடச் சாதாரணமான பொய் கிடையாது. ஞாயிற்றுக்கிழமையானால் ஊரே இடம் பார்க்கத்தான் வருகிறது. ஆனால் இடம் பார்க்க வருகிறவர்கள் ரோட்டோரமாகக் காரை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போவார்கள். கழுத்தில் அரசாங்க அட்டையோடு, பூட்ஸ் போட்டுக்கொண்டு, முழங்கால் சேற்றில் இறங்கி யாரும் டேப் பிடிக்கமாட்டார்கள். ஆட்டுக்காரம்மாவின் சொந்தக்காரப் பையன் ஒருவன் அந்தப் பக்கம் மனை புரோக்கராம். அது எங்களுக்கு அப்போது தெரியாது.

மாதம் இரண்டு போயிருக்கும். நான் ரத்தம் எடுக்கப் போகிற வீடுகளிலெல்லாம் ஒரே பேச்சு. பள்ளத்துப் பக்கம் ஏதோ வரப்போகிறதாம். ஒருவர் பெரிய ரோடு என்றார், ஒருவர் மெட்ரோ என்றார். ஓர் ஆபீசரம்மா வாராவாரம் யாருக்கும் தெரியாமல் வந்து அளந்துகொண்டு போகிறார்களாம், கேட்டால் மழுப்புகிறார்களாம், மழுப்புவதிலேயே தெரியவில்லையா என்றார்கள். மாடிக்கு ஓடிப் போய் அக்காவிடம் சொன்னேன். நான் சொன்னதை முழுதாகக் கேட்டுவிட்டு, அந்த இடத்தைப் பற்றி நான் யாரிடம் பேசினேன் என்று கேட்டார். ரத்தம் எடுக்கும்போது பேச்சுவாக்கில் எந்த வீட்டில் உளறினேன் என்று ஒவ்வொரு வீடாக விசாரித்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் டேப் பிடித்ததைப் பார்த்துத்தான் ஊர் பேசுகிறது என்று எவ்வளவு சொல்லியும் ஏறவில்லை. அதோடு அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். நானும் போய்த் தொலையட்டும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த கோடையில் பள்ளத்தைச் சுற்றி மஞ்சள் கல் நட்டார்கள். மனைப்பிரிவு என்று பெரிய போர்டு வந்தது. அக்கா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று, "வண்டிய எடு" என்றார். அவ்வளவுதான் எங்கள் சமாதானம்.

போனபோது ஜேசிபி ஒன்று முள்ளுக்காட்டைப் பெயர்த்துக்கொண்டிருந்தது. மனை போடுகிறவர் வெள்ளைச் சட்டையில், குடை நிழலில் நின்றிருந்தார். பக்கத்தில் அந்த புரோக்கர் பையன். எங்களைப் பார்த்ததும் பையன் அவர் காதில் ஏதோ சொன்னான். அவர் அவசரமாகச் செருப்போடு முள்ளைத் தாண்டி வந்து கும்பிட்டார்.

"அளந்துட்டுப் போன ஆபீசரம்மா நீங்கதானா? உங்கள நம்பித்தான் மேடம் நான் இந்தப் பள்ளத்தையே வாங்கினேன்."

அக்காவின் முகத்தில் ரத்தமில்லை. நான் ஆபீசர் இல்லை என்று மெதுவாகச் சொன்னார். நிற்கவைத்து வேடிக்கை பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. இங்கே ஒரு பூ இருக்கிறது சார், வேறெங்கும் கிடைக்காத பூ, அதைப் படம் எடுக்கத்தான் இவங்க வாராவாரம் வந்தாங்க, வேறொன்றுமில்லை என்று போட்டு உடைத்துவிட்டேன்.

"பூவா?" என்றார் அவர். பையனைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தார், அவன் தரையைப் பார்த்தான். அவர் எங்களைத் திட்டுவார் என்று பயந்தேன். திட்டவில்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "சரி, வாங்கினது வாங்கியாச்சு" என்றார். பிறகு அவர் சொன்னதை நான் எதிர்பார்க்கவே இல்லை. மனை போட்டால் பூங்காவுக்கென்று ஓர் இடம் எப்படியும் விட்டாக வேண்டுமாம். அது எந்த மூலையாக இருந்தால் அவருக்கென்ன.

"பூ எங்க கீதுன்னு கைய காட்டுங்க மேடம். அந்த மூலைய பார்க்குக்கு உட்டுடறேன். ஒரு கூடை மண்ணு உழாது, நான் பாத்துக்கறேன்."

அக்கா அவரைப் பார்த்தார். பையனைப் பார்த்தார். ஜேசிபி டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி நின்றான், அவனைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார். அப்புறம் பூட்ஸைப் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று நடந்து, ரோட்டோர மூலையில் கோரை அடர்ந்த ஓர் இடத்தில் நின்று கையைக் காட்டினார். மனை போடுகிறவர் உடனே நான்கு கழியை நடச் சொல்லி, சிவப்பு ரிப்பனைக் கட்டச் சொன்னார். எங்கள் கண் முன்னாலேயே கட்டினார்கள். வண்டியில் திரும்பி வரும்போது எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மனுஷங்க நல்லவங்கதான்க்கா, நாமதான் பயந்துட்டோம் என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தேன். அக்கா பின்னால் யாராவது வருகிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

அந்த வாரம் முழுக்க மண் லாரிகள் ஓடின. நான் அந்த வழியாகத்தான் வேலைக்குப் போவேன் என்பதால் அக்கா தினமும் சாயங்காலம் படியிறங்கி வந்து, எந்தப் பக்கம் கொட்டுகிறார்கள் என்று கேட்பார். நான் உற்சாகமாகச் சொல்வேன். அந்தக் கோடியில் ஈச்சம்புதர் பக்கத்திலிருந்து கொட்டிக்கொண்டு வருகிறார்கள், உங்கள் மூலை பக்கம் லாரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்பேன். தலையாட்டிவிட்டு மேலே போய்விடுவார். காய்ச்சல்காரர் மாதிரி இருந்தார். அலைச்சல்தான் காரணம் என்று நினைத்தேன்.

மனை போட்டவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மற்ற இடமெல்லாம் ஆளுயரத்துக்கு மேடாகிவிட்டது, அந்த மூலை மட்டும் பள்ளமாகவே கிடந்தது. சுற்றிக் கம்பிவேலி போட்டு, உள்ளே குப்பை கொட்டாதீர்கள் என்று எழுதியும் வைத்தார். ஐப்பசி மழை அடித்து ஓய்ந்ததும், வாங்கக்கா போய்ப் பார்க்கலாம் என்று கூப்பிட்டேன். முட்டிவலி என்றார். மறுவாரமும் முட்டிவலி. நானே தனியாகப் போனேன். முதன்முறையாக என் கண்ணாலேயே அந்தப் பூவைப் பார்க்கப் போகிறோம் என்று ஆசை. வேலிக்குள் புகுந்து, ஒவ்வொரு புல்லாக விலக்கித் தேடினேன். கோரை இருந்தது, பொன்னாங்கண்ணி இருந்தது. பூ இல்லை. அடுத்த வாரமும் போனேன். அப்போதும் இல்லை.

மாடிக்குப் போய், இந்த வருஷம் வரவில்லை போலிருக்கிறது அக்கா என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். சமையலறையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே, "அங்க எப்படி இருக்கும்?" என்றார்.

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அவர் காட்டியது வேறு மூலை. நான் பூ என்று சொன்னதுமே அந்த ஆளின் கண் மாறிவிட்டதாம். இடத்தைத் தெரிந்துகொள்ளத்தான் பூங்கா, மண்ணாங்கட்டி என்று நைச்சியம் பேசினானாம். காட்டியிருந்தால் அன்று சாயங்காலமே தோண்டி விற்றிருப்பானாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தான் மட்டும் போய்க் கிழங்கைப் பெயர்த்துக்கொண்டு வந்துவிடலாம் என்று இருந்திருக்கிறார். அவர்கள் திங்கட்கிழமையே பூ இருந்த பக்கத்திலிருந்து மண்ணைக் கொட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவர் நிறுத்தியிருப்பாரேக்கா. நான் தினமும் வந்து சொன்னேனே" என்றேன். என் குரல் எனக்கே கத்துகிற மாதிரிக் கேட்டது.

"நிறுத்தியிருப்பான்னு உனக்கு எப்படித் தெரியும்?"

கீரையை ஆய்ந்துகொண்டே இருந்தார். கீரையைக் குப்பையிலும் காம்பைப் பாத்திரத்திலும் போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அந்த மனுஷியை உலுக்க வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் பக்கத்தில் உட்கார்ந்தேன். எல்லாம்தான் மண்ணுக்குள் போய்விட்டதே, மேலே வீடுகூடக் கட்டத் தொடங்கிவிட்டார்களே, இப்போதாவது சொல்லட்டும் என்று, "நிஜமா எந்த எடத்துலக்கா இருந்தது?" என்று கேட்டேன்.

அக்காவின் கை நின்றது. எழுந்து போய் வாசற்கதவைச் சாத்திவிட்டு வந்து, என் முகத்துக்கு நேராகக் குனிந்தார்.

"இத என்கிட்ட கேட்டுட்டு வரச் சொன்னது யாரு?" என்றார்.